சாயாத அவரை

புவியீர்ப்பை உணரும் மரபணுவை எடுத்துவிட்ட அவரைச்செடி அது. மேல் கீழ் தெரியாது. யாருடைய மூச்சுக்காற்று அதிகம் படுகிறதோ அவர் பக்கமே சாய்ந்து வளரும். மாமியார் அதை அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே வைத்தார். "வீட்டுல யாரு அதிகம் பாடுபடுறான்னு இதுவே சொல்லட்டும்."

மூன்றாம் நாளே அது, பாத்திரம் கழுவும் ஓரகத்தி ஷர்மிளா பக்கம் சாய்ந்தது. அடுப்படியில் வேகும் தமயந்திக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும், ஆளில்லாத நேரம் பார்த்துச் செடிச்சட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாதக் கடைசியில் செடி, அந்தக் காலத்துச் செடிபோல நெட்டுக்குத்தாக நின்றது.

"ஒரு பக்கமும் சாயல பாரு. ரெண்டு மருமகளுக்கும் என்ன ஒத்துமை," என்று மாமியார் பூரித்தார்.

தமயந்தி ஷர்மிளாவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் சட்டியின் செம்மண். அவளும் தமயந்தியின் நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.