ஈரத்துணி

பள்ளியின் வேதியியல் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். இனி எல்லாச் சோதனைகளும் கணினித் திரையில்தான். ஆய்வக உதவியாளன் தேவநேசனுக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்திருந்தது. இன்று கடைசி நாள். ஆறு வருடங்களில் அவனும் மங்கை டீச்சரும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. அவள் சோதனைக்குழாயைச் சூடாக்கும்போதெல்லாம் அவன் ஈரத்துணியோடு பக்கத்தில் நிற்பான். இன்றும், கணினி அறையில் வகுப்பு நடக்க, அவள் திரையில் குழாயை இழுத்து நெருப்பின்மேல் வைத்ததும், அவன் துணியோடு வந்து நின்றுவிட்டான்.

"அண்ணா, கம்ப்யூட்டர் தீயை அணைக்கவா வந்தீங்க?" என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

"பழக்கதோசம்மா. இனிமே இதுக்கு வேலை இல்லல்ல" என்று தேவநேசன் துணியை மடித்தான்.

மங்கை மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்து உதறினாள்.

"என்னாச்சு டீச்சர்?" என்றான் தேவநேசன்.

"சுட்டுடுச்சு."

சிரிப்பு நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் விரல்களை அவன் பக்கம் நீட்டினாள். "அந்தத் துணியக் குடுங்க சார்."

அவன் கொடுக்கவில்லை. தானே அவள் விரல்களில் சுற்றினான். திரையில் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. மணி அடித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.