நாதாங்கி

“உங்களுக்கு யார் சொன்னாங்க?”

என் நாவல் வெளிவந்த மாதமே வீடு தேடி வந்த அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எதைம்மா?”

“பொண்டாட்டி சமையல்கட்டுல எரிஞ்சு செத்ததும் புருஷன்காரன் சொல்றானே, ‘கதவோட வெளி நாதாங்கி தானா விழுந்து பூட்டிக்கிச்சு’ன்னு, அதை. எங்கம்மா அப்படிச் செத்தப்ப எங்கப்பா ஊருக்குச் சொன்ன வார்த்தை அதுதாங்க.”

“யாரும் சொல்லலைம்மா. எனக்குக் கதையெல்லாம் பேச்சாத்தான் வரும். காய் நறுக்கும்போது காதுல விழும், எழுதிக்குவேன். எல்லாம் கற்பனைதான்.”

“கற்பனை! ‘விளையாடாதீங்க, கதவைத் தொறங்க’ன்னு உள்ள இருந்து கத்துறாளே, அதுவும் கத்திரிக்காயோட வந்ததா?”

அலமாரியிலிருந்து நாவலை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன்.

“அப்பா போன வருஷம் போயிட்டார். இனிமே நான் யாரைக் கேக்கறது? எனக்கு ஞாபகம் இருக்கறதும் அது வரைக்கும்தான், நீங்களும் அத்தியாயத்தை அங்கயே முடிச்சுட்டீங்க. அதுக்கப்புறம் எங்கம்மா என்ன சொன்னாங்க? அதை மட்டும் சொல்லிடுங்கம்மா.”

எழுதிய அன்று அதற்கடுத்து இன்னொரு வரியும் என் காதில் கேட்கத்தான் செய்தது. அதில் ஒரு பெயர் வந்தது. என் நாவலில் அந்தப் பெயரில் ஆளே கிடையாது. காது தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்து, முழு வரியையும் அடித்துவிட்டேன்.

“உன் பேர் என்னம்மா?”

“செவந்தி.”

நான் அடித்த வரி இதுதான்: “என்னை விடுங்க, செவந்தியைத் தூக்கிட்டு அந்தாண்ட போங்க, அவளுக்குப் புகை ஆகாது.”