இடது பட்டன்

ஆள்காட்டி விரல் மூன்றரை லட்சம். நடுவிரல் இரண்டரை.

இன்சூரன்ஸ் அதிகாரி விலைப்பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தார். மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும்கூட, சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டு விலை போட்டிருந்தது. அவை அத்தானிடம் இன்னும் இருந்ததால் அந்த வரிகள் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. நானும் அதே அச்சகம்தான். ஆனால் அக்கா என்னைக் கூட்டிவந்தது என் வாய்க்காக.

எங்கள் அப்பா துணி வியாபாரி. மொத்தக் கடையில் விலை கேட்டுவிட்டு அவர் திரும்பி நடந்தால், மூன்றாவது அடியில் கடைக்காரர் கூப்பிடுவார். நான் இரண்டாவது அடியிலேயே கூப்பிட வைப்பவன்.

“சார், ஓவர்டைமைக் காணோமே?” என்றேன்.

“அது சம்பளத்துல வராதுப்பா.”

“மாசாமாசம் வந்தா அது சம்பளம்தானே சார்? மாசாமாசம் வர்ற மாமியாரை யாராவது விருந்தாளின்னு சொல்வாங்களா?”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரத்தில் சிரித்தவன் பாதி தோற்றவன் என்பார் அப்பா.

சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். இருபத்துநான்கு மாதம். ஒன்றில்கூட ஓவர்டைம் விடுபடவில்லை.

அரை மணி நேரத்தில் ஆறு எட்டானது.

அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எட்டு வந்தால் வீட்டுக் கடன் அடியோடு அடையும். ஆறென்றால் வட்டி இன்னும் நாலு வருஷம் கூடவே குடியிருக்கும்.

அத்தான், கட்டுப்போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கல்யாணப் பேச்சைக் கேட்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அதிகாரி கோப்பின் அடியிலிருந்து இன்னொரு தாளை உருவினார்.

வெட்டும் மெஷினில் பட்டன் இரண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் கத்திக்கு அடியில் கை இருக்காது. செய்தவன் அப்படித்தான் யோசித்துச் செய்திருக்கிறான்.

ஆனால் நாளைக்கு இத்தனை கட்டு என்று பலகையில் எழுதிப்போட்ட இடத்தில், ஒரு கையைப் பட்டனுக்குத் தாரைவார்க்க யாருக்கு மனசு வரும்? இடது பட்டனை அழுத்தி, இடுக்கில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிவிட்டால், வலது பட்டன் மட்டும் போதும்.

விபத்தன்று இடது பட்டனில் அட்டை இருந்தது என்றது அந்தத் தாள்.

அதிகாரி நிதானமாகத்தான் சொன்னார். செருகியது அத்தான் என்றால் கால் பங்கு கழியும். வேறொருவன் என்றால் எட்டும் முழுசாக வரும். செருகியவனுக்கு வேலை போகும், வழக்கும் வரும்.

“யாருப்பா வெச்சது?”

அறையில் அதுவரை ஓயாமல் பேசியது நான். இப்போது எனக்கு மேசைமேல் இருந்த சம்பளச் சீட்டுகளை அடுக்குகிற வேலை வந்துவிட்டது.

“நான்தான் சார்,” என்றார் அத்தான்.

அதிகாரி அவரையே பார்த்தார். “இடது கையால காகிதத்தை நேராக்கிக்கிட்டு, வலது கையைப் பட்டன்மேல சும்மா வெச்சிருந்தேன்னு நீதான் சொல்லியிருக்கே. அட்டை வெச்சவன் அந்தப் பட்டன்ல சும்மா கையை வைப்பானாய்யா? ரெண்டு பட்டனும் வேலை செய்யுதுன்னு நம்புறவன்தானே வைப்பான்?”

“மறந்துட்டேன் சார்.”

எட்டில் இரண்டு போனது. அத்தான் குனிந்து, அவசரமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது அக்கா பிடித்துக்கொண்டாள். “மனுஷனுக்கு மறதி இருக்கலாம். ரெண்டு லட்சத்துக்கா மறதி? என் தம்பி மட்டும் வரலைன்னா ஆறுல கால் பங்கு போய் நாலரையோட வீட்டுக்குப் போயிருப்போம்!”

“ஆமா. மாப்ள நல்லாப் பேசினாரு,” என்றார் அத்தான்.

அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் அச்சகத்தில் அட்டை செருகாமல் வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான். ‘ரெண்டு கைக்காரர்’ என்று கேலி செய்வோம். அவருக்கு முந்தைய ஷிப்டில் நிற்பவன், மெஷினை விட்டுப் போகும்போது அட்டையை உருவிவிட்டுப் போக வேண்டும். எங்கும் எழுதாத விதி. எல்லோருக்கும் தெரிந்த விதி.

அன்று முந்தைய ஷிப்ட் என்னுடையது.

என் நாக்கு கூட்டியது இரண்டு லட்சம். என் அட்டை கழித்தது இரண்டு லட்சம். பணத்தில் கணக்கு நேர்.

விரலில் இரண்டு பாக்கி.