மேலே ஏறிய கோடு

“இந்த வீடு எனக்கு வேணாம் மிஸ். சாவிய வாங்கிக்குங்க. நானும் பிள்ளையும் பஸ் ஸ்டாண்டுக்கே போயிடுறோம்.”

இன்பராணி துணிமூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு மகள் ஜெரால்டின். வெளியே மத்தியான மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

ஜாக்லினுக்குச் சுர்ரென்று ஏறியது. காஹாங் ரப்பர் தோட்டத்தில் அவள் குடும்பத்துக்கே அவள்தான் முதல் பட்டதாரி. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பயம் வராது, கோபம்தான் வரும்.

“பஸ் ஸ்டாண்டுல படுத்தா என்னாகும்னு தெரியும்லக்கா? வெல்ஃபேர் ஆளுங்க பிள்ளைய ஹோமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அது நடக்கக் கூடாதுன்னுதானே நாயா அலைஞ்சு இந்த வீட்டப் புடிச்சோம்?”

“பேய் தூக்கிட்டுப் போறதுக்கு வெல்ஃபேரே தூக்கிட்டுப் போகட்டும்.”

செனாய் ஊரில் ஒருத்தரும் தெருவில் படுக்கக் கூடாது என்று சர்ச்சும் கோயிலும் கடைக்காரர்களும் சேர்ந்து ஓர் உதவிக் குழு நடத்தினார்கள். அதை ஓட்டுபவள் ஜாக்லின். முதலில் சாவி, அப்புறம்தான் கேள்வி என்பது அவள் போட்ட சட்டம். குழுவின் உதவி போன் யார் கையில் இருந்தாலும் சைலண்டில் போடவே கூடாது என்பது இன்னொன்று. அந்த போனுக்குக் கோயில் மணிச் சத்தம் வைத்திருந்தார்கள். அது அடித்தால் சர்ச்சுக்கார வாலண்டைன்கூட எழுந்து நின்று கும்பிடுகிறார் என்று கிண்டல் ஓடும்.

இது கடன் கட்டாததால் வங்கி லெலோங் போட்டு ஏலத்தில் போன வீடு. எடுத்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பேய் வீடென்று பெயர் கெட்டுப்போய் வாடகைக்கு ஆள் வராததால் குழுவுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். முன்பு இங்கே இருந்தது யாரென்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. வீடு கிடைத்ததே பெரிது.

“சரி, என்னதான் பண்ணுது உங்க பேய்? கழுத்த நெரிக்குதா?”

“நெரிச்சாக்கூடப் பரவாயில்ல மிஸ். கேன்டீன் வேலைக்கு ஓடுற அவசரத்துல கேஸ மூடாம போயிட்டேன். வந்து பார்த்தா மூடியிருக்கு. வெளிய காயப்போட்ட துணி, மழை வந்தா மடிச்சு உள்ள இருக்கு. பின்னால கறிவேப்பிலைச் செடிக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினதில்ல. தளதளன்னு நிக்குது.”

“அலமாக்! இப்படிப் பேய் இருந்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க லா.”

இன்பராணி சிரிக்கவில்லை. “இங்க இருந்தவங்க காலி பண்ணிப் போனத யாருமே பார்க்கலையாம். சாமான் ஏத்த லாரியே வரலையாம். கடையில பேசிக்கிறாங்க. அப்ப அவங்க எங்க மிஸ் போனாங்க?”

ஜாக்லினுக்கு மீனாள் ஆச்சி ஞாபகம் வந்தது. நாற்பதுகூட ஆகவில்லை. செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் குழுவில் எல்லாருக்கும் ஆச்சி. “அந்த வீடு மட்டும் வேணாம் ஜாக்லின், வேற பார்ப்போம்” என்று கூட்டத்தில் சொன்னது அவள் ஒருத்திதான். ஜாக்லின் எல்லார் முன்னாலும் விளாசிவிட்டாள்.

“உங்களுக்கென்ன ஆச்சி, ஏர்கான் ரூம்ல படுத்துக்கிட்டுப் பேய்க்குப் பயப்படலாம். பஸ் ஸ்டாண்டுல பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு முழிச்சிருக்கிற பொம்பளைக்கு அந்தச் சொகுசு இல்ல.”

குடி புகுந்த அன்று ஆச்சி பால் காய்ச்ச வரவில்லை. பித்தளைச் சட்டியை மட்டும் கொடுத்தனுப்பினாள். கூடவே, தன் மகள் விசாலிக்குக் குட்டையாகிப் போன ஒரு சீருடை. ஜெரால்டின் உடம்பில் இருப்பது அதுதான்.

“வாங்க, பேய எனக்கே காட்டுங்க” என்று ஜாக்லின் உள்ளே நடந்தாள்.

பின்னறைக் கதவு நிலையில் இன்பராணி கை வைத்தாள். “இங்க பென்சில் கோடு வரிசையா இருந்துச்சு. யாரோ பிள்ளைய நிக்க வச்சு உயரம் பார்த்த கோடு. வந்த அன்னிக்கே பெயிண்ட் அடிச்சு மறைச்சேன். இப்பப் பாருங்க.”

வெள்ளைப் பெயிண்டின்மேல் புதிதாக ஒரு கோடு.

“ஜெரால்டின் கிறுக்கியிருப்பா.”

“அவள நிக்க வச்சுப் பாருங்க.”

ஜெரால்டின் தானாகவே போய் நிலையோடு ஒட்டி நின்றாள். கோடு அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. பெயிண்டுக்கு அடியில் பழைய கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. புதிய கோடு அத்தனைக்கும் மேலே.

ஜாக்லின் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். “செத்த பிள்ளை எப்படிக்கா வளரும்?”

“வளருது மிஸ். அதான் கிளம்புறேன்கிறேன்.”

“இல்லக்கா.” அவள் குரல் தானாகத் தாழ்ந்தது. “செத்தவங்க வளர மாட்டாங்க. இது உயிரோட இருக்கிற பிள்ளை.”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். பின்னறை சீலிங்கில், ஒயர் பார்க்க ஆள் ஏறுவதற்கென்று விட்டிருந்த சதுரப் பலகை ஒரு விரல்கடை விலகியிருந்தது. அதன் ஓரத்தில் கைபட்டுக் கைபட்டு அழுக்கேறியிருந்தது.

மழை விட்டிருந்தது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

தனியாக ஏறிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. உதவி போனுக்கே அடித்தாள். இந்த வாரம் அது மீனாள் ஆச்சியிடம்.

“ஆச்சி வரட்டும். அன்னிக்கே அவங்க பேச்சக் கேட்டிருக்கணும்” என்று முணுமுணுத்தாள்.

தலைக்கு மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், கோயில் மணி அடித்தது.

அடித்த மணி பாதியில் நின்றது. “சொல்லு ஜாக்லின்” என்றது ஒரு குரல், அவள் காதிலும் கூரையிலும் ஒரே நேரத்தில். “யாருக்கு இடம் வேணும்?”