பலன்ஸ் வரல்ல

“பிரேக்கைப் பிடி வதனி! பிரேக்கைப் பிடி எண்டு சொல்றன்!”

வதனி பிரேக்கைப் பிடிக்கவில்லை. ஸ்கூட்டி நேராகப் போய் வாவிக்கரைக் கண்ணாச் செடிப் பற்றைக்குள் முட்டி நின்றது.

பின்னால் ஓடிவந்த உதயரூபன் தலையில் கை வைத்தான். “ஒரு வருஷமாகப் போகுது. ஒரு மாடு கூட இதுக்குள்ள ஸ்கூட்டி பழகியிருக்கும்!”

“அப்ப மாட்டையே கட்டியிருக்கலாமே” என்றாள் வதனி, சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே.

பக்கத்தில் வலை காயப்போட்ட நல்லரத்தினத்துக்கு இது தினமும் கிடைக்கும் இலவச நாடகம். “ஊரையே பஸ்ஸில ஏத்தி இறக்கிறவன் நீ. உன்ட பொஞ்சாதிக்கு ஒரு ஸ்கூட்டி பழக்க ஏலாமக் கிடக்கே மனே!”

டிப்போ பஸ் ட்ரைவருக்கு இதைவிட மானக்கேடு வேறென்ன வேண்டும்?

சித்திரை வருஷப் பிறப்பில் பெரியவர்களிடம் கைவிசேஷக் காசு வாங்கும்போது, இந்த வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று சத்தமாகச் சொல்லவேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம். வதனி, “ஸ்கூட்டி பழகுவன்” என்றாள். உதயரூபன், “குடிக்க மாட்டன்” என்றான். அவன் இதை வருஷா வருஷம் சொல்வான், வைகாசி பிறக்க முன்னமே மறந்துவிடுவான். ஈரல் பழுதாகிறது என்று டொக்டர் எச்சரித்த பிறகும் அப்படித்தான்.

ஆனால் இந்த வருஷம் என்னவோ, சொன்னதைக் காப்பாற்றிவிட்டான்.

“மனக்கட்டுப்பாடு வேணும் வதனி. என்னைப் பாத்துப் பழகு” என்று அவளிடமே பெருமையடிப்பான்.

அவன் டியூட்டி முடிந்து வரும்போதே வதனி ஹெல்மெட்டோடு வாசலில் நிற்பாள். “வாங்க, பழகப் போவம்.” பொழுது படும்வரை விழுவாள், எழும்புவாள், திட்டு வாங்குவாள். பாவம், சிலருக்குச் சில விஷயம் வராது.

பங்குனியில் ஒருநாள், வழக்கமாகக் கல்முனைப் பக்கம் ஓடுகிறவனை ஆள் இல்லையென்று வாழைச்சேனைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது ஏறாவூரில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி. சிக்னல் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, ஓட்டோவுக்கும் லொறிக்கும் நடுவால் அழகாக வளைந்து போனது. ‘ஓடினால் இப்படி ஓடவேண்டும்’ என்று நினைத்தான் உதயரூபன். ஓட்டியவள் ஒரு கணம் முகத்தைத் திருப்பினாள்.

வதனி!

அடுத்த தரிப்பில் றஸீனா ஏறி, அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வதனிக்குத் தையல் வேலை கொடுப்பவள்.

“றஸீனாக்கா, இப்ப போனது வதனியா?”

“ஓம் தம்பி. தச்ச சட்டையக் கொண்டந்து தந்திட்டுப் போறா. போன ஜூன் மாசத்தில இருந்தே ஓடுறாவே!” சொன்ன பிறகுதான் றஸீனா நாக்கைக் கடித்தாள்.

“அப்ப என்னட்ட ஏன் இந்தக் கூத்து?”

“நானும் கேட்டன் தம்பி. ‘நான் பழகிட்டன் எண்டா, மறுகா பின்னேரத்தில அவருக்கு என்ன வேலை? கூட்டாளிமாரோட தவறணைக்குக் குடிக்கப் போயிருவார். அவர் குடியை மறக்கிற வரைக்கும் நான் விழுந்தாலும் காரியமில்ல’ எண்டு வதனி சொன்னா.”

அதன் பிறகு பஸ்ஸை டிப்போவுக்கு எப்படிக் கொண்டுபோனான் என்று உதயரூபனுக்கே தெரியாது. கண் கலங்கியது. மனக்கட்டுப்பாடாம், மனக்கட்டுப்பாடு! யாருடைய மனக்கட்டுப்பாடு?

பின்னேரம் வாசலில் ஹெல்மெட்டோடு நின்றாள் வதனி. “வா, பழகப் போவம்” என்றான் அவன்.

வாவிக்கரையில் வழக்கம்போலக் கொஞ்ச தூரம் ஓடி, வழக்கம்போலப் பற்றைக்குள் விழுந்தாள். இன்று அவன் திட்டவில்லை. கை கொடுத்துத் தூக்கினான். அவள் முழங்கை நிறையச் சிராய்ப்புத் தழும்புகள். இத்தனை நாளும் அவன் அவற்றைப் பார்த்ததே இல்லை.

“வருஷம் பிறக்கப் போகுது” என்றாள் வதனி. “கைவிசேஷம் வாங்கக்குள்ள என்ன சொல்லப் போறீங்க?”

“குடிக்க மாட்டன் எண்டுதான். நீ?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “இந்த முறையும் ஸ்கூட்டி பழகுவன் எண்டு சொல்லட்டா?”

உதயரூபன் ஸ்கூட்டியின் பின்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“சொல்லு. உனக்கு இன்னும் பலன்ஸ் வரல்ல.”