முதல் ஓகே

“ஓகே போட்டியே, அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு பாத்தியா சரண்யா?”

“பாத்தேனே. இங்கிலீசு. அதான் உனக்கு அனுப்பிக் கேட்டேன்.”

“போட்டுட்டு அப்புறம் கேக்குறியா?”

“எல்லாரும் போட்டாங்கடி.”

லில்லி போனைக் காதில் வைத்தபடி, வில்லியனூரில் தான் படிக்கும் இங்கிலீஷ் கிளாஸ் நடக்கும் கடையின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த கண்கள் எரிந்தன. திருவாண்டார்கோயில் கம்பெனியில் சரண்யாவும் அவளும் பேக்கிங் வேலை. ஷிஃப்ட் முடிந்து வேனில் வரும்போது போன் நிரம்பிவிட்டதென்று, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த எல்லாவற்றையும் வணக்கப் படங்களோடு சேர்த்து அழித்திருந்தாள். சரண்யா அனுப்பியதால்தான் இந்தச் செய்தியையே படித்தாள்.

அடுத்த மாதம் முதல் வில்லியனூர் வேன் நிறுத்தப்படும். சம்மதிப்பவர்கள் ஓகே போடவும். மறுப்பவர்கள் இன்று மாலை ஐந்துக்குள் எழுதவும். பாதிப் பேருக்கு மேல் சம்மதித்தால் முடிவு உறுதி.

நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தெட்டு ஓகே என்றாள் சரண்யா. ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக வேறு வண்டி கிடையாது. வேன் நின்றால் வேலையும் நின்ற மாதிரிதான். இதையே நேரில் சொல்லியிருந்தால் ஒருத்தராவது முணுமுணுத்திருப்பார்கள். குரூப்பில் முணுமுணுக்க முடியாது.

“வேணாம்னு மாத்திப் போடு.”

“நான் மட்டும் எப்பிடி? எனக்கு மேல எல்லம்மா அக்கா போட்டிருந்துச்சு. அது மாத்தட்டும், மாத்துறேன்.”

லில்லி நோட்டில் எழுதிக்கொண்டாள்: சரண்யா, அதற்கு மேல் எல்லம்மாள். மணி நாலு பத்து.

எல்லம்மாள் வீடியோ காலில் வந்தாள். முகம் தெரியவில்லை, மின்விசிறி தெரிந்தது.

“எனக்கு அத்தப் படிக்கக் கண்ணு தெரியுதா? பாக்யராஜ் போட்டிருந்தான், போட்டேன். குட் மார்னிங்னாலும் ஓகே, லீவுன்னாலும் ஓகே. போடலன்னா சூப்பர்வைசரு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறான்.”

“வேன் நிக்கப் போவுதுக்கா.”

மின்விசிறி நகர்ந்து எல்லம்மாளின் முகம் திரைக்கு வந்தது.

“அப்ப நான் வூட்லதான் குந்தணும். பாக்யராஜை மாத்தச் சொல்லு. பின்னாலயே நானும் மாத்துறேன்.”

பாக்யராஜ் லோடு ஏற்றுபவர். அவருக்குப் போட்ட நெட் கால் மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை குரல் வந்தது.

“மொத ஆளு நான் இல்லம்மா. எனக்கு மேல ஒரு ஓகே இருந்துச்சு. அத்தப் பாத்துதான் போட்டேன்.”

“பாத்து எழுத இது இன்னா பரீட்சையா அண்ணே?”

“பரீட்சையிலயே பாத்து எழுதுனவன்தான் நான். ஆனா படிக்கிற புள்ளையா பாத்துதான் எழுதுவேன்.”

“யாரு அந்தப் படிப்பாளி? அவங்க வேணாம்னு போட்டா மிச்சம் முப்பத்தேழும் தானா மாறும். கால்ல வுழுந்தாவது மாத்தச் சொல்றேன்.”

“குரூப்பத் தொறந்து பாரேன்.”

“அழிச்சிட்டேண்ணே.”

எதிர்முனையில் பெருமூச்சு. “இரு. படம் புடிச்சு அனுப்புறேன்.”

மணி நாலு ஐம்பது. கோபப்படக்கூட லில்லிக்குத் தெம்பில்லை. படிக்காமல் முதல் ஆளாகப் போடுவதற்கு அப்படி என்ன அவசரம்? கிளாஸில் பதில் தெரிந்தாலும், வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பவள் அவள்.

போன் அதிர்ந்தது. படம் வந்திருந்தது. விரல்களால் அதைப் பெரிதாக்கினாள்.

காலை 10.07, டிபன் நேரம், முதல் ஓகே. அதன் தலையில், பாக்யராஜ் தன் போனில் பதிந்து வைத்திருந்தபடியே பெயர் இருந்தது: லில்லி இங்கிலீசு.