கோரினின் கரகரப்பு

பிரிஸ்பேனில் சின்தசைசர் என்னும் மின்னிசைப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. வாடிக்கையாளன் கோரின், நான் சரிசெய்து கொடுத்த தன் பழைய பெட்டியை வாசித்துப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்ன பண்ணித் தொலைச்ச, மரீ? அந்தக் கரகரப்பு எங்க?"

"கட்டை ஒட்டுதுன்னு குடுத்த. திறந்து சுத்தம் பண்ணேன்."

"த்தூ! புது மிஷின் மாதிரி வழவழன்னு இருக்கு. அந்தக் கரகரப்பைக் கேக்கத்தான் ஜனங்க வராங்க. சனிக்கிழமை கச்சேரி!"

"நெசமாவே வேணுமா?"

"உன் கால்ல விழட்டுமா?"

குப்பைக்கூடையைக் கிளறினேன். கிடைத்ததை இடுக்கியால் எடுத்து, பெட்டிக்குள் பழைய இடத்திலேயே வைத்து மூடினேன்.

வாசித்தான். கரகரத்தது. கண் கலங்கினான்.

"இதுல உயிர் இருக்கு! என்ன பார்ட் அது?"

"செத்த கரப்பான்பூச்சி."

கை கழுவப் போனேன். பின்னாலேயே வந்தான்.

"மரீ, ஸ்பேர் ஒண்ணு கிடைக்குமா?"